மூணு மூணு முப்பத்திமூணு

காலை ஷிப்ட் ஏழு மணிக்கு. கன்னியப்பன் ஆறரைக்கே வந்துவிடுவான். வந்தவன் கார்டை அடித்துவிட்டு உள்ளே போகவேண்டியதுதானே? மாட்டான். கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடிகாரத்துக்கு எதிரில் நிற்பான். பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிடுவான். மணி ஆறு ஐம்பத்தாறு ஆனதும் "டக்" என்று அடிப்பான். நேரம் பதிந்த கார்டை என் மூஞ்சிக்கு நேராக நீட்டுவான்.

"பாத்தியா வாத்தியாரே, ஆறு அஞ்சு ஆறு. இப்டி படிச்சாலும் அதான், அப்டி படிச்சாலும் அதான். வாயால சொல்லிப் பாரு. ஆறு ஐம்பத்தாறு. ஆறுல ஆரம்பிச்சி ஆறுல முடியுது."

"சரி, உள்ள போய்யா, போர்மேன் கத்துவான்" என்பேன் நான். இப்படி இருபத்திரண்டு வருஷம்.

என் பெயர் யாக்கோபு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் ஒரு வார்ப்புக் கம்பெனி. இரும்பை உருக்கி ஊற்றித் தண்ணீர் மோட்டாருக்கு வேண்டிய உறைகளைச் செய்கிற இடம். அதன் வாசலில் டைம் ஆபீஸ் என்று ஒரு கூண்டு, கூண்டுக்குள் நான். ஒருத்தன் கார்டை இன்னொருத்தன் அடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் சீக்கிரம் வரும். இதை எழுதும்போதும் அடங்கவில்லை. அடங்க வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

கன்னியப்பன் சேரப்பணஞ்சேரிக்காரன். மண் அச்சு பிடிக்கிற பிரிவில் வேலை. மூன்றாவது வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எழுத்து அவனுக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, எண் ஒட்டிக்கொண்டது. பெரிய கணக்குப் புலி என்று நினைத்துவிடாதீர்கள், கூட்டலிலேயே தடுமாறுவான். அவனுக்கு எண்ணைப் பார்க்கத்தான் பிடிக்கும். பஸ் டிக்கெட்டில் 4224 வந்தால் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிவான். பன்னிரண்டு இருபத்தொன்றுக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பான். பதினொன்று பதினொன்று ஆனால் அச்சுக்குள் மண்ணை இடிக்கிற கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சிரிப்பான். 'தேதி கன்னியப்பன்' என்றால் கம்பெனியில் தெரியாதவன் கிடையாது. கிண்டலாகத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள், அவனோ பட்டம் கொடுத்த மாதிரி வாங்கிக்கொண்டான்.

அவன் குடி கெட்டதும் ஒரு தேதியால்தான்.

அறுபத்தொன்பதில் கம்பெனிக்கு ஆள் எடுத்தபோது நானும் அவனும் ஒரே வரிசையில் நின்றோம். அவன் எனக்கு முன்னால். மேசையில் உட்கார்ந்திருந்த கிளார்க் பிறந்த தேதியைக் கேட்டார். எனக்குக் கவலையில்லை. எங்கள் சர்ச்சில் ஞானஸ்நானம் கொடுத்தபோதே எழுதி வைத்திருந்தார்கள், ஆகஸ்ட் பதினாலு, நாற்பத்திரண்டு. கன்னியப்பன் தலையைச் சொறிந்தான்.

"ஏரி ஒடஞ்ச வருசம்னு எங்கம்மா சொல்லும் சார்."

"ஏரி ஒடஞ்சதையெல்லாம் எழுத முடியாதுய்யா. ஏதாவது ஒரு தேதியைச் சொல்லு, கூட்டம் நிக்குது."

ஏரி உடைந்தது முப்பத்தேழில். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒழுங்காக முப்பத்தேழு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். அவன் மேல்நோக்கிப் பார்த்தான். உதடு அசைந்தது. பிறகு பளிச்சென்று சொன்னான்.

"மூணு மூணு முப்பத்திமூணு சார்."

கிளார்க் எழுதிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஜோரா இருக்கேய்யா! நாலும் மூணு!"

வெளியே வந்ததும் நான் கேட்டேன், "ஏம்ப்பா, நாலு வயசு ஏத்திச் சொல்லிட்டியே?"

"முப்பத்தேழுன்னு சொன்னா அதுல இன்னா கீது வாத்தியாரே? சொல்லும்போதே வாய் கோணுது" என்றான். அதுதான் காரணம். வேறு எந்தக் கள்ளமும் இல்லை. அழகாக இருந்தது, அதனால் சொன்னான். பைத்தியக்காரன்.

அதோடு விட்டானா? வருஷா வருஷம் மார்ச் மூன்றாம் தேதி கம்பெனி முழுக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பான். போர்மேனிலிருந்து துப்புரவுக்காரி கோவிந்தம்மா வரைக்கும் ஒருத்தரையும் விடமாட்டான். மிட்டாயை நீட்டி, "மூணு மூணு முப்பத்திமூணு" என்பான். வாங்குகிறவனும் திருப்பிச் சொன்னால்தான் மிட்டாய் கைக்கு வரும். கம்பெனியில் பல பேருக்குத் தன் பெண்டாட்டி பிறந்த நாள் தெரியாது, கன்னியப்பன் பிறந்த நாள் தெரியும்.

எங்கள் கம்பெனியில் ஒரு விதி இருந்தது. வேலையில் இருக்கும்போது ஆள் செத்துப்போனால் அவன் பிள்ளைக்கு வேலை. வாரிசு வேலை என்று சொல்வார்கள். ரிட்டயர் ஆகிவிட்டால் கிடையாது. எண்பத்தெட்டில் கோதண்டம் என்கிற ஆள், சங்கிலி அறுந்து இரும்பு மேலே விழுந்து கம்பெனிக்குள்ளேயே செத்தான். காரியம் முடிந்த கையோடு அவன் மகன் பிரசன்னா அப்பன் கார்டு இருந்த இடத்திலேயே தன் கார்டைச் செருகினான். கல்யாணமும் ஆயிற்று. அதற்கப்புறம் சுற்று வட்டாரத்தில் பிள்ளைகள் தங்கள் அப்பன்களைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. நான் மிகைப்படுத்தவில்லை. டீக்கடையில் என் காதுபடவே பேசுவார்கள், "உங்கப்பாவுக்கு சுகர்தானே, எங்கப்பாவுக்குதான் ஒண்ணுமில்ல, கல்லு மாதிரி கீறாரு" என்று.

கன்னியப்பன் மகன் மோகனும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன். ஒரே பிள்ளை. ஐடிஐயில் பிட்டர் படித்துவிட்டு மூன்று வருஷமாக ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் நின்று பார்த்தவன். எங்கும் எடுக்கவில்லை. குன்றத்தூரில் ஒரு பெண் பார்த்து, பேச்சு முடிகிற நேரத்தில் "பையனுக்கு வேலை?" என்று கேட்டு, அதுவும் முறிந்தது. அவன் நல்லவனா கெட்டவனா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நல்லவன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

தொண்ணூற்றொன்று பிறந்தது. அந்த வருஷத்து மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்றாலே வெளியூர்க்காரர்கள் வேறொன்றை நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அது கன்னியப்பன் வருஷம். ஜனவரி முதல் தேதியே கூண்டுக்கு வந்து, "வருசமே இப்டியும் அப்டியும் ஒண்ணுதான் வாத்தியாரே. ஒண்ணு ஒம்போது ஒம்போது ஒண்ணு. இந்த வருசம் நமக்கு ஜாக்பாட்" என்றான். ஜனவரி பத்தொன்பது சனிக்கிழமை. சாக்பீஸ் எடுத்து மண் கொட்டுகிற இடத்துச் சுவரில் பெரிதாக எழுதினான், 19191. செப்டம்பர் பத்தொன்பதுக்கு 19991 வரும் என்று எல்லாருக்கும் அறிவிப்பு வேறு. அப்போதுதான் பியூன் வந்து, பர்சனல் ஆபீசர் நரசிம்மன் கூப்பிடுகிறார் என்றான்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு தாள். மார்ச் மூன்றாம் தேதி மாலை ஐந்து மணியோடு ஓய்வு. ஐம்பத்தெட்டு முடிகிறதாம்.

"எனுக்கு அம்பத்திநாலுதானே வாத்தியாரே ஆவுது?" என்று என்னைக் கேட்டான். தான் ஐம்பத்திநாலு என்பதை அவன் உடம்பு மறக்கவில்லை. இன்னும் நாலு வருஷம் இருக்கிறது, அதற்குள் யாராவது தயவு பண்ணி மோகனை உள்ளே எடுத்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தான். மிட்டாய் கொடுத்த தேதி திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

நரசிம்மனிடம் நானும் கூடப் போனேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். "உங்க அண்ணன் புருஷோத்தமன் இங்கதானே வேலை செய்யறாரு? அவர் முப்பத்தஞ்சுன்னு இருக்கு. அண்ணன் தம்பியை விட ரெண்டு வயசு சின்னவரா?"

"அதான் சார் நானும் சொல்றேன், என்னுது தப்பு சார்."

"இருபது வருஷமா எனக்கே மிட்டாய் குடுத்திருக்கியேய்யா. மூணு மூணு முப்பத்திமூணு. இவ்ளோ அழகான தேதியை யாராவது மாத்துவாங்களா?" சிரித்தார். மேசையைச் சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பிறகு, போனால் போகிறது என்று, "ஜாதகம் கீதகம் ஏதாவது இருந்தா மார்ச்சுக்குள்ள கொண்டா, மேல அனுப்பிப் பாக்கறேன்" என்றார்.

ஜாதகம் இருந்தது. குன்றத்தூரில் அவன் அத்தை வீட்டுப் பரணில், ஒரு தகரப் பெட்டியில். கன்னியப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டான். பரணை இறக்க ஆள் வேண்டும், பையனை அனுப்பு, தேடி எடுத்துக்கொண்டு போகட்டும் என்றார்கள். வந்து மோகனிடம் சொன்னான். மோகன் என்ன சொன்னான் என்பதை மறுநாள் ஆறு ஐம்பத்தாறுக்குக் காத்திருந்தபோது கன்னியப்பனே என்னிடம் சொன்னான்.

"'ஜாதகத்தக் காட்டி நாலு வருசம் நீ ஓட்டிடுவ. அது வரிக்கும் நான் இன்னா பண்ணணும், கேட்ட புடிச்சிகினு நிக்கணுமா?'ன்றான் வாத்தியாரே."

"நீ என்ன சொன்ன?"

"அவன் சொல்றதுலயும் ஞாயம் கீதுல்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனையே அறைந்திருப்பேன். "நானே போறேன், வீட்டைச் சொல்லு" என்றேன். "வோணாம், அவன் கோச்சிப்பான்" என்றான். அப்படியே பிப்ரவரி போனது.

அந்த மாதம் அந்த வீட்டில் நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி அம்சவல்லி சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அப்பன் சோறு தின்பதைக்கூட மகன் உற்றுப் பார்ப்பானாம். இருமினால் நிமிர்வானாம், இருமல் நின்றால் குனிந்துகொள்வானாம். ஒருநாள் தட்டை எட்டி உதைத்து, "கோதண்டமும் அப்பன்தான், நீயும் அப்பன்தான்" என்றானாம். கன்னியப்பன் சிந்திய சோற்றை அள்ளித் தட்டில் போட்டுத் தின்றிருக்கிறான். அவன் பெண்டாட்டி மரகதம் மகனையும் அதட்டவில்லை, புருஷனையும் தேற்றவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

மார்ச் இரண்டு, சனிக்கிழமை. கன்னியப்பனுக்குக் கடைசி வேலை நாள். ஆறே முக்கால் மணிக்குப் பார்த்தால், மோகன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான். கேரியரில் கன்னியப்பன். மரகதம் பின்னால் அவன் முதுகைத் தாங்கிப் பிடித்தபடி நடந்து வருகிறாள். சட்டை பிழிகிற அளவுக்கு வியர்வை, முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. கூண்டை விட்டு ஓடினேன்.

"என்ன ஆச்சு?"

"விடியகாலத்துலேருந்து நெஞ்சு வலிண்ணே. மூட்டைய ஏத்தி வெச்ச மாரி கீதாம்" என்றாள் மரகதம்.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவாம இங்க எதுக்கு வந்தீங்க?"

மோகன் அப்பனை இறக்கிக் கடிகாரத்துக்கு எதிரில் நிறுத்தினான், கார்டை எடுத்து அவன் விரலில் செருகினான். மரகதம்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கார்டு அடிச்சிட்டு உள்ள போயி குந்தட்டும்ண்ணே. உள்ள பூட்டா போதும்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. 'வேலையில் இருக்கும்போது செத்தால்' என்ற விதியை இவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கோதண்டம் கம்பெனிக்குள் விழுந்து செத்தானே, அதே மாதிரி உள்ளே விழுந்து சாகவேண்டும் என்று நினைத்துக்கொண்டு, நெஞ்சு வலிக்காரனை இத்தனை தூரம் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"அடப்பாவிங்களா! வூட்ல பாயில கெடந்து செத்தாலும் அந்த வேலை உண்டுடா! 'வேலையில இருக்கும்போது'ன்னா ரிட்டயர் ஆவறதுக்கு முன்னாடின்னு அர்த்தம். இங்க இஸ்துகினு வந்து சாவடிக்கணும்னு எவன்டா சொன்னான்?"

கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மோகன் முகம் சட்டென்று தெளிந்தது.

"மெய்யாலுமா சார்? எங்க கீறாருன்றது கணக்கே இல்லியா?" என்றான். பிறகு, "அப்போ நாளைக்கி சாயங்காலம் அஞ்சு மணி வரிக்கும் டைம் கீது" என்று தன் அம்மாவைப் பார்த்துச் சொன்னான். அவன் அப்பன் காதில் விழும்படிதான் சொன்னான்.

நான் கன்னியப்பன் கையைப் பிடித்து இழுத்தேன். "வா, வண்டியில ஏறு." அவன் நகரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு ஐம்பத்திநாலு.

"ரெண்டு நிமிசம் இரு வாத்தியாரே" என்றான்.

நின்றேன். அவன் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது, கண் முள்ளை விட்டு அசையவில்லை. ஆறு ஐம்பத்தாறுக்கு அடித்தான். கார்டை என் மூஞ்சிக்கு நீட்டப் பார்த்தான், கை பாதியிலேயே விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தான். கம்பெனி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு காஞ்சிபுரம் போனேன். கூண்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போனதற்கு எனக்கு மெமோ கொடுத்தார்கள். கிழித்துப் போட்டேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன். பார்த்துவிட்டு, "இங்கே முடிஞ்சதைப் பண்ணிட்டேன். மெட்ராஸுக்குக் கொண்டு போங்க, இன்னைக்கே போகணும். லேட் ஆக ஆக இதயம் கெட்டுக்கிட்டே போகும்" என்றார். ஆம்புலன்ஸும் இருந்தது. மகன் கையெழுத்துப் போட்டால் போதும். மோகன் பேனாவை வாங்கினான், யோசித்தான், திருப்பிக் கொடுத்தான்.

"திங்கக்கெழம இட்டுகினு போறோம் சார்."

"திங்கக்கிழமையா? எதுக்கு?"

"வூட்ல கலந்து பேசணும் சார்."

அந்தக் கையை அங்கேயே முறித்துப் போட்டிருக்க வேண்டும். "நீயாவது சொல்லு மரகதம்" என்றேன். அவள், "அவன் சொல்றதுதாண்ணே" என்றாள். அண்ணன் புருஷோத்தமனுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தான், தம்பி தலைமாட்டில் நின்று மூக்கைச் சிந்தினான், "புள்ள இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனான். தன் வயதைப் பற்றிப் பேச்சு வந்துவிடுமோ என்று அவனுக்குப் பயம். நான் ரத்த சொந்தமில்லை, என் கையெழுத்து செல்லாது. டாக்டரையே மூன்று தடவை போய்க் கேட்டேன், கையெழுத்தில்லாமல் அனுப்ப முடியாது என்றுவிட்டார்.

மறுநாள் ஞாயிறு, மார்ச் மூன்று. ஆராதனை முடிந்த கையோடு போனேன். மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். கன்னியப்பன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். மோகன் ஸ்டூலில் உட்கார்ந்து எதிர்ச்சுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மரகதத்துக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது, நர்ஸ் வரும்போதெல்லாம், "மணி இன்னாம்மா ஆவுது?" என்று கேட்டாள். நர்ஸ் ஷெர்லின் என்கிற பெண், புதிதாக வேலைக்கு வந்தவள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாவம் சார் அந்தம்மா, காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல. வீட்டுக்காரர் மேல அவ்ளோ உசுரு" என்றாள். ஆமாம்மா என்றேன்.

மூன்றரைக்குக் கன்னியப்பன் கண்ணைத் திறந்தான். திறந்ததும் கடிகாரத்தைத்தான் பார்த்தான்.

"வாத்தியாரே, இன்னிக்கி மூணாந்தேதிதானே?"

"ஆமாம்ப்பா."

"மூணாம் மாசம். இன்னும் மூணு நிமிசத்துல மூணு முப்பத்திமூணு." அவன் முகத்தில் ஒரு களை வந்தது, எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. மகனைக் கூப்பிட்டான். "மோகனு, கிட்ட வா. அந்த நிமிசத்துல நான் பூட்டேன்னு வெச்சுக்கோ, எவ்ளோ ஜோரா இருக்கும்! மூணு மூணு, மூணு முப்பத்திமூணு. உனுக்கும் வேல ஆயிடும்."

"கம்முனு படுய்யா!" என்று நான் அதட்டினேன். அவன் கேட்கவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டான், இரண்டு கையையும் நெஞ்சின் மேல் வைத்தான், கண்ணை மூடினான். மோகன் எழுந்து நின்றான். வேண்டாம்ப்பா என்று அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மரகதம் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து புருஷனின் இரண்டு பாதத்தையும் இறுக்கிப் பிடித்தாள். போகாதே என்று பிடித்தாளா, போய் வா என்று பிடித்தாளா, எனக்கு இன்றுவரை தெரியாது.

பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். முள் முப்பத்திமூன்றுக்கு வந்தது. கன்னியப்பன் மூச்சை அடக்கினான். கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது, கட்டில் கிடுகிடுவென்று ஆடியது. மோகன் கடிகாரத்தையும் அப்பனையும் மாறி மாறிப் பார்த்தான். நான் கன்னியப்பன் தோளைப் பிடித்து, "டேய், மூச்சு விடுடா! விடுடா!" என்று உலுக்கினேன். கடைசியில் உடம்பு கேட்கவில்லை. பெரிய இருமலாக வெடித்துக்கொண்டு மூச்சு வெளியே வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தான். மூன்று முப்பத்திநாலு.

"வரலடா" என்றான் மகனிடம். மன்னிப்புக் கேட்கிற குரல்.

"ச்சே!" என்று சொல்லிவிட்டு மோகன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

ஐந்து மணி அடித்தது. மோகன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "டீ குடிச்சிட்டு வரேன்" என்று போனான். திரும்பி வரவில்லை. மரகதம் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். ஷெர்லின் ஓடிவந்து, அழாதீங்கம்மா, உங்க வீட்டுக்காரருக்கு ஆபத்து தாண்டிடுச்சு என்று தேற்றினாள்.

"வாத்தியாரே, அஞ்சு ஆயிடுச்சா?" என்று கேட்டான் கன்னியப்பன்.

"ஆயிடுச்சு."

காலை நன்றாக நீட்டிக்கொண்டான். "அப்பாடா. இனிமே அவசரமில்ல" என்றான்.

திங்கட்கிழமை மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் கட்டிலைப் போட்டார்கள். பாதி இதயத்தோடு அவன் மழைக்காலம்வரை கிடந்தான். செப்டம்பர் பத்தொன்பது அன்று சாக்பீஸோடு போனேன். கொட்டகைச் சுவரில் 19991 என்று எழுதிக் காட்டினேன். பார்த்தான், சிரிக்கவில்லை, திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்றைக்கே அவன் போய்விட்டான் என்றுதான் நான் சொல்வேன். மூச்சு நின்றது அக்டோபர் இருபத்துநாலு. இருபத்துநாலு, பத்து, தொண்ணூற்றொன்று. முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் படித்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

காரியம் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். மோகன் மொட்டைத் தலையோடு என் கூண்டுக்கு வந்தான். கையில் மஞ்சள் பூசிய ஒரு பழைய ஜாதகம். குன்றத்தூர் போய்ப் பரணை இறக்கி எடுத்து வந்திருக்கிறான்.

"சார், எங்கப்பா மெய்யாலுமே முப்பத்தேழுல பொறந்தவரு சார். இதுல போட்டுகீது பாருங்க. கணக்குப்படி அவருக்கு அம்பத்திநாலுதான். அப்போ அவரு வேலையில இருக்கும்போதுதானே சார் செத்தாரு? கம்பெனிதானே தப்பா அனுப்பிட்டாங்க? நீங்க அவரோட ஒண்ணா சேர்ந்தவரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா நரசிம்மன் சார் கேட்பாரு."

சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒருவேளை நடந்தும் இருக்கும். நான் அவன் மொட்டைத் தலையைப் பார்த்தேன், ஜாதகத்தைப் பார்த்தேன்.

"மூணு மூணு முப்பத்திமூணு" என்றேன். "இவ்ளோ அழகான தேதியை யாருடா மாத்துவாங்க?"

கூண்டின் கதவைச் சாத்தினேன்.